ஒரே வாளிச் சுண்ணாம்பு

ஓடுபாதைக்கும் பந்துக் களத்துக்கும்
ஒரே வாளிச் சுண்ணாம்புதான்.
காலையில் விமானத்துக்கு,
சாயங்காலம் ஆட்டத்துக்கு.
கோடு கோணினால் விமானம் பொறுத்துக்கொள்ளும்,
கார்ப்பரல் டாசன் பொறுக்க மாட்டார்.

பெருங்குடிக் கண்மாய்க்கு மேற்கே
என் அண்ணன் பருத்தி போட்ட இடத்தில்
பெனால்டிப் புள்ளி வைத்தேன்.
நஷ்டஈட்டுத் தாள் இன்னும் தாலுகா கச்சேரியில்.

யுத்தத்தின் நாலாவது வருஷம்,
ஆடிக் காற்றில் ஆட்டம் தொடங்கிற்று.
கோல் கீப்பர் உதைத்த பந்து
கடன் கேட்கப் போனவன் மாதிரி
பாதி வழியில் திரும்பி வந்தது.

முதல் ஆட்டம் ரயில்வேக்காரர்களோடு.
மூன்றுக்கு ஒன்று, ஜெயித்தோம்.
மூன்றில் இரண்டு குர்தித் சிங் முட்டிப் போட்டது.
தலையில் பட்டதா கொண்டையில் பட்டதா என்று
பரங்குன்றம் ரோட்டு வண்டிக்காரர்கள்
ஒரு வாரம் வழக்காடினார்கள்.

பிளாடர் கிழிந்தால்
விமான டயருக்குப் போடும் பசையால் ஒட்டுவோம்.
அதனால் பந்துக்கு ஒரு பக்கம் கனம்.
எந்தப் பக்கம் என்பது அச்சுதனுக்கு மட்டும் தெரியும்.
கண்ணூர்க்காரன், ஒயர்லெஸ் கூடாரம்,
ராத்திரி முழுக்கக் காதில் புள்ளியும் கோடும்.
பந்தையும் அப்படித்தான் தட்டுவான்:
குட்டை, குட்டை, நெட்டை.
நெட்டைக்கு அங்கே குர்தித் நிற்பான்.

ஐப்பசியில் முதல் லாரி.
எங்கே என்று யாரும் சொல்லவில்லை.
'கிழக்கே' என்றார்கள்.
கிழக்கே என்றால்
எனக்குச் சிலைமான் வரைதான் தெரியும்.

கேன்டீன் கதவில் ஆட்டக்காரர் பட்டியல்.
டாசன் பென்சிலில்தான் எழுதுவார்.
கார்த்திகையில் குர்தித்தை அழித்தார்.
அச்சுதனை அழித்தபோது
நான் வாளியோடு பக்கத்தில் நின்றேன்.
இடது விங் இருந்த இடத்தில்
அழித்து அழித்துக்
காகிதம் ஓட்டையாகிவிட்டது.
அதற்கப்புறம் அந்தப் பக்கம் யாரையும் போடவில்லை.

மாசியில் தமுக்கத்தில் மில்காரர்களோடு ஆட்டம்.
ஷிப்டு முடிந்து நேரே வந்தார்கள்,
வெறுங்கால், தலைமுடியில் பஞ்சு.
ரேஷன் வரிசையில் நின்ற கூட்டம்
பாதி நிரம்பிய பைகளோடு வேடிக்கை பார்த்தது.
எங்கள் பக்கம் ஒன்பது பேர்.
கோல் கீப்பரும் இல்லை.

அவர்கள் கேப்டன் சோலைமலை
எண்ணிப் பார்த்தார்.
'ரெண்டு ஆளை நானும் நிறுத்திக்கிறேன், சமமா ஆடுவோம்.'
மொழிபெயர்த்துச் சொன்னது நான்.
டாசன் காது சிவந்து போனது.
'வேண்டாம். நீ போய் நில்.'
'யார்?'
'நீதான்.'

என் பெயர் மொக்கச்சாமி.
பென்சிலில் அது நீளமாகத் தெரிந்ததோ என்னவோ,
'லைம்' என்று எழுதினார்.

பிடித்தேன் என்றுதான் நினைத்தேன்.
பந்து வலைக்குள் கிடந்தது,
அதன்மேல் என் பத்து விரலும் வெள்ளையாக.
நாலு தடவை.
நாலாவது கோலுக்குக் கூட்டம் கத்தவில்லை.
சோலைமலை வந்து
என் கையைத் துடைத்துவிட்டுக்
குலுக்கினார்.

பங்குனியில் கோல் கம்பங்களை அறுத்து
உதிரிப் பாகங்களுக்குப் பெட்டி அடித்தார்கள்.
கடைசி லாரியில் டாசன் ஏறினார்,
ரப்பர் அவர் சட்டைப் பையில்.
அதனால் பட்டியலில் இரண்டு பெயர் மிச்சம்:
அவருடையது, கீழே என்னுடையது.
மழை வரும்வரை இருந்தது.

மறுநாளும் ஓடுபாதைக்குக் கோடு போட்டேன்.
சாயங்காலத்துக்கு என்று
அரை வாளி மிஞ்சியது.
யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.
வைத்தது வைத்தபடி இருந்தது,
இறுகிப் போய்
வாளியை விட்டு வர மாட்டேன் என்றது.